பாதி விலை லென்ஸ்: எதில் மிச்சம், எதில் சிக்கல்?

தில்லி சாந்தினி சௌக்கில் கூச்சா சௌத்ரி சந்துக்குள் நுழைந்தால் கேமராக் கடைகள் தோளோடு தோள் உரசி நிற்கின்றன. அங்கே இப்போது அடிக்கடி நடக்கும் காட்சி இது. சோனி கேமரா வைத்திருப்பவர் 24-70 மி.மீ. எஃப்/2.8 ஜூம் லென்ஸ் கேட்கிறார். கடைக்காரர் இரண்டு டப்பாக்களை எடுத்து வைக்கிறார். ஒன்று சோனியின் உயர்தர வரிசையான ஜி மாஸ்டர், மற்றொன்று சிக்மா. இரண்டிலும் ஒரே எண்கள்தான், விலையில்தான் பெரிய வித்தியாசம். அமெரிக்காவில் அறிமுகமானபோதே அப்படித்தான்: சோனியின் இரண்டாம் பதிப்பு 2022இல் 2,299 டாலருக்கு வந்தது, சிக்மாவின் இரண்டாம் பதிப்பு 2024இல் 1,199 டாலருக்கு வந்தது.

பக்கத்தில் நிற்பவர் கையில் கேனன் ஆர் வரிசைக் கேமரா. எனக்கும் அதே மாதிரி பாதி விலையில் ஒன்று கொடுங்கள் என்கிறார். கடைக்காரர் இல்லை என்று தலையாட்டி, பழைய ஸ்டாக் அலமாரியைக் கை காட்டுகிறார்.

இதில் இரண்டு கேள்விகள் இருக்கின்றன. ஒரே எண் போட்ட லென்ஸ் எப்படிப் பாதி விலைக்கு வருகிறது? சோனிக்காரருக்குக் கிடைப்பது கேனன்காரருக்கு ஏன் கிடைப்பதில்லை? இரண்டாவது கேள்வியைப் புரிந்துகொண்டால்தான் முதல் கேள்விக்கான பதில் முழுமையாகும். விலை குறைந்த லென்ஸ்களின் கண்ணாடியில் இன்று பெரிய குறை சொல்ல முடியாது. லென்ஸும் கேமராவும் ஒன்றோடொன்று பேசும் இடத்தில்தான் காசு வீணாகும் வாய்ப்பு அதிகம்.

மூன்றாம் தரப்பு என்றால் யார்?

கேமரா செய்யும் கம்பெனி ஒரு தரப்பு, வாங்கும் நாம் இன்னொரு தரப்பு. அந்தக் கேமராவுக்கு லென்ஸ் மட்டும் செய்து விற்கும் வேறு கம்பெனிதான் மூன்றாம் தரப்பு. கடையில் 'தேர்ட் பார்ட்டி' என்றே சொல்வார்கள். இவர்களை ஒரே கூடையில் போட முடியாது.

1. ஜப்பானின் பழைய கைகள்: டாம்ரான் 1950இல் தொடங்கியது, சிக்மா 1961இல். இவர்களின் லென்ஸை இப்போது 'மலிவு' என்று சொல்வது பொருத்தமில்லை. நடுத்தர விலை என்பதே சரி. சிக்மா 2012இல் ஆர்ட் வரிசையைத் தொடங்கி 35 மி.மீ. எஃப்/1.4 லென்ஸைக் கொண்டுவந்த பிறகு, தேர்ட் பார்ட்டி என்றால் இரண்டாம் தரம் என்ற பேச்சு மெல்ல அடங்கியது.

2. சீனத்தின் ஆட்டோஃபோகஸ் லென்ஸ்கள்: வில்ட்ராக்ஸ், யோங்நுவோ போன்றவை. உண்மையான விலைப் போட்டி இங்கேதான் நடக்கிறது.

3. கையால் ஃபோகஸ் செய்யும் லென்ஸ்கள்: டிடி ஆர்ட்டிசன், செவன் ஆர்ட்டிசன்ஸ் போன்ற கம்பெனிகள் விற்பவை. இவற்றில் பலவற்றில் மோட்டாரும் கிடையாது, சிப்பும் கிடையாது.

யாராவது 'தேர்ட் பார்ட்டி லென்ஸ் நல்லதா?' என்று கேட்டால், இந்த மூன்றில் எது என்று திருப்பிக் கேட்காமல் பதில் சொல்ல முடியாது.

எஃப் எண் சொல்லும் கணக்கு

லென்ஸ் பெயரில் மி.மீ. என்று வருவது குவியத் தூரம். அது குறைந்தால் காட்சி அகலமாகும், கூடினால் தூரத்துப் பொருள் பெரிதாகத் தெரியும். அந்தக் குவியத் தூரத்தை, ஒளி நுழையும் வாயின் விட்டத்தால் வகுத்தால் கிடைப்பது எஃப் எண். 50 மி.மீ. லென்ஸ் எஃப்/1.8 என்றால் அந்த வாய் சுமார் 28 மி.மீ. அகலம். அதே 50 மி.மீ. இடத்தில், கேமராவோடு சேர்த்தே விற்கும் கிட் லென்ஸ் எஃப்/5.6 வரைதான் திறக்கும். அப்போது வாயின் அகலம் 9 மி.மீ.கூட இல்லை. பரப்பளவை ஒப்பிட்டால், முதல் லென்ஸ் ஏறக்குறைய பத்து மடங்கு ஒளியை உள்ளே விடுகிறது.

இது நடைமுறையில் என்ன ஆகும்? ராமகிருஷ்ணாபுரத்தில் ஒரு கல்யாண ரிசப்ஷன், மண்டபத்தில் மங்கலான மஞ்சள் விளக்கு. கிட் லென்ஸில் ஷட்டரை நூறில் ஒரு நொடியில் வைக்க ஐஎஸ்ஓவை, அதாவது கேமராவின் ஒளி உணர்திறனை, 6400க்கு ஏற்ற வேண்டியிருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். பட்டுப் புடவையின் ஜரிகை எல்லாம் புள்ளி புள்ளியாகக் கரையும். எஃப்/1.8 லென்ஸில் அதே படம் ஐஎஸ்ஓ 640இல் கிடைத்துவிடும். இந்த வித்தியாசத்தைப் பார்க்க லென்ஸ் நிபுணராக இருக்கத் தேவையில்லை, ஃபோனில் பார்த்தாலே தெரியும்.

ஆகவே, கிட் லென்ஸ் மட்டும் வைத்திருப்பவர் புதுக் கேமரா பாடி வாங்குவதைவிட, அகல வாய் கொண்ட ஒரு பிரைம் லென்ஸ் வாங்குவது பெரும்பாலும் நல்ல முடிவு. பிரைம் என்றால் ஜூம் இல்லாத, ஒரே குவியத் தூரம் கொண்ட லென்ஸ். தேர்ட் பார்ட்டி கம்பெனிகள் குறைந்த காசில் நிறையத் தருவது இந்த இடத்தில்தான். வில்ட்ராக்ஸின் 56 மி.மீ. எஃப்/1.7 ஆட்டோஃபோகஸ் லென்ஸ் 2024இல் 139 டாலருக்கு வந்தது. பத்து வருஷத்துக்கு முன்னால் அந்த விலைக்கு இப்படி ஒரு லென்ஸை யாரும் எதிர்பார்த்திருக்க மாட்டார்கள்.

விலை எங்கே குறைகிறது?

1. மோட்டார். ஃபோகஸ் செய்ய உள்ளே கண்ணாடித் தொகுதிகள் முன்னும் பின்னும் நகர வேண்டும். சோனியின் ஜி மாஸ்டர் 24-70 இரண்டாம் பதிப்பில் இதற்காக நான்கு லீனியர் மோட்டார்கள் இருக்கின்றன. விலை குறைந்த பிரைம்களில் ஒரே ஒரு ஸ்டெப்பிங் மோட்டார். உட்கார்ந்திருக்கும் ஆளைப் படம் எடுக்க அதுவே தாராளம். மேடையில் ஜதிக்குச் சுழலும் பரதநாட்டியக் குழந்தையின் கண்ணைத் தொடர்ந்து பிடிக்க வேண்டும் என்றால் அப்போது தெரியும், மோட்டாருக்குக் கொடுத்த காசு எங்கே போனது என்று.

2. எல்லைகளைச் சுருக்குவது. சோனியின் 16-55 எஃப்/2.8 ஜி லென்ஸ் 2019இல் 1,399 டாலருக்கு வந்தது, எடை 494 கிராம். சிக்மாவின் 18-50 எஃப்/2.8 2021இல் 549 டாலருக்கு வந்தது, எடை 290 கிராம். அகலப் பக்கம் 16க்குப் பதில் 18, நீளப் பக்கம் 55க்குப் பதில் 50. இந்தச் சின்ன விட்டுக்கொடுப்பில் விலை பாதிக்கும் கீழே இறங்கிவிட்டது, எடையும் குறைந்தது. என் பார்வையில் இது விட்டுக்கொடுக்க வேண்டிய இடம்தான். அந்த 2 மி.மீ.க்காக ஏங்குபவர்கள் வீடு, உள்ளறைகளைப் படம் எடுப்பவர்கள். மற்றவர்களுக்கு அதன் இழப்பு பெரும்பாலும் தெரியாது. இதன் எல்லை வரை போன ஒரு உதாரணமும் உண்டு. வில்ட்ராக்ஸின் 28 மி.மீ. எஃப்/4.5 லென்ஸ் 99 டாலருக்குத்தான் வந்தது, எடை 60 கிராம். அப்பர்ச்சரை, அதாவது ஒளி நுழையும் வாயின் அளவை, மாற்றவே முடியாது, எப்போதும் எஃப்/4.5. பாக்கெட்டில் போட்டு வெயிலில் தெருப்படம் எடுக்கச் சரி. மாலை ஆறு மணிக்கு மேல் அது உதவாது.

3. பூச்சு. இதைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். பூச்சு இல்லாத கண்ணாடியின் ஒவ்வொரு பரப்பும் விழும் ஒளியில் சுமார் 4 சதவீதத்தைத் திருப்பி அனுப்புகிறது. தனித்தனியாக நிற்கும் 10 கண்ணாடிகள் கொண்ட லென்ஸில் 20 பரப்புகள். கணக்குப் போட்டால் பாதிக்கும் குறைவான ஒளிதான் படம் பதியும் சென்சாருக்கு வந்து சேரும். மீதி ஒளியில் ஒரு பகுதி உள்ளேயே பிரதிபலித்து, படத்தின் மேல் வெளிறிய திரை போலப் படியும். நல்ல பல்லடுக்குப் பூச்சு இருந்தால் பரப்புக்கு அரை சதவீதம்கூட இழப்பு இருக்காது, 90 சதவீதத்துக்கு மேல் ஒளி வந்துவிடும். விலை குறைந்த லென்ஸ்களிலும் இப்போது பல்லடுக்குப் பூச்சு உண்டு. ஆனால் எதிர் விளக்கு நேராக முகத்தில் அடிக்கும்போது நல்ல பூச்சுக்கும் சுமாரான பூச்சுக்கும் வித்தியாசம் பளிச்சென்று தெரியும்.

4. சோதனை. லென்ஸுக்குள் ஒரு கண்ணாடி அச்சிலிருந்து மில்லிமீட்டரில் நூறில் சில பங்கு விலகினாலே படத்தின் ஒரு மூலை மங்கிவிடலாம். டீசென்டரிங் என்று இதைச் சொல்வார்கள். ஒவ்வொரு லென்ஸையும் அளந்து, சரியில்லாததைத் திருப்பி அனுப்ப ஆளும் கருவியும் வேண்டும், அதற்கெல்லாம் செலவு உண்டு. அதனால் விலை குறைந்த லென்ஸ்களில் ஒரே மாடலில் ஒன்று அருமையாகவும் இன்னொன்று சுமாராகவும் அமைவது நடக்கும். இணையத்தில் ஒருவர் அதைப் புகழ, இன்னொருவர் திட்டுவதற்கு இதுவும் ஒரு காரணம். இருவர் சொல்வதும் உண்மையாக இருக்கலாம்.

இவற்றோடு விளம்பரச் செலவு, கம்பெனிப் பெயருக்கான விலை எல்லாம் இருக்கவே இருக்கின்றன. அவை எல்லாப் பொருளுக்கும் உள்ளவைதான்.

மவுண்ட்: சாவி யார் கையில்?

லென்ஸ் கேமராவில் பூட்டும் உலோக வளையம்தான் மவுண்ட். அது வெறும் வளையம் மட்டும் இல்லை. உள்பக்கம் வரிசையாகப் பொன்நிறத்தில் சின்னச் சின்னத் தொடுமுனைகள் இருக்கும். சோனியின் இ-மவுண்ட்டில் 10, கேனனின் ஆர்எஃப் மவுண்ட்டில் 12. அவற்றின் வழியாகத்தான் கேமரா லென்ஸுக்குக் கட்டளை அனுப்புகிறது: இவ்வளவு நகரு, இவ்வளவு திற. லென்ஸும் பதில் சொல்கிறது: நான் இன்ன லென்ஸ், இப்போது இன்ன தூரத்தில் ஃபோகஸ் வைத்திருக்கிறேன். இந்தப் பேச்சு மொழி அந்தந்தக் கேமரா கம்பெனியின் சொத்து.

அந்த மொழியை மற்றவர்கள் இரண்டு வழிகளில் கற்கிறார்கள்.

1. உரிமம் பெறுவது. கேமரா கம்பெனியே இலக்கணத்தைக் கொடுக்கும்.

2. ஒட்டுக்கேட்டுக் கற்பது. கேமராவும் அதன் சொந்த லென்ஸும் பேசுவதைக் கருவி வைத்துப் பதிவு செய்து, எந்தச் சைகைக்கு என்ன அர்த்தம் என்று கண்டுபிடிப்பார்கள். ரிவர்ஸ் இன்ஜினியரிங் என்பது இதுதான்.

இரண்டாவது வழியில் ஆபத்து உண்டு. கேமரா கம்பெனி நாளை ஒரு புதுச் சொல்லைச் சேர்த்தால் ஒட்டுக்கேட்டுக் கற்றவருக்கு அது தெரியாது. பழைய ஃபிலிம் காலத்து சிக்மா லென்ஸ்கள் சிலவற்றை கேனனின் டிஜிட்டல் பாடிகளில் பூட்டியபோது 'எர்ரர் 99' என்று திரையில் வந்து கேமரா நின்றுபோனது இப்படித்தான். கண்ணாடியில் ஒரு கீறலும் கிடையாது, பேச்சு மட்டும் புரியவில்லை. இப்போதும் பாடிக்குள் இயங்கும் மென்பொருளான ஃபர்ம்வேரைப் புதுப்பித்த மறுநாள் லென்ஸ் தடுமாறும் சம்பவங்கள் உண்டு. அதனால்தான் வில்ட்ராக்ஸ் போன்றவர்கள் லென்ஸிலேயே யுஎஸ்பி துளை வைத்து, லென்ஸுக்கும் ஃபர்ம்வேர் போட வழி செய்கிறார்கள். அந்தத் துளை இல்லாத, சிப் மட்டும் உள்ள லென்ஸை நான் யாருக்கும் பரிந்துரைக்க மாட்டேன்.

சரி, கடையில் நின்ற அந்த இருவரிடம் திரும்பலாம்.

சோனி 2010இல் இ-மவுண்ட்டைக் கொண்டுவந்தது. 2011லேயே அதன் அடிப்படை விவரங்களை மற்ற கம்பெனிகளுக்குக் கட்டணமில்லாமல் தர முன்வந்தது. இன்று சோனிக்காரருக்கு இத்தனை லென்ஸ் கிடைப்பதற்கு வேர் அங்கே இருக்கிறது. ஆனால் கதவை முழுதாகத் திறந்து வைக்கவில்லை. ஏ9, ஏ1 போன்ற வேகமான பாடிகளில் சோனியின் சொந்த லென்ஸைப் போட்டால் நொடிக்கு 20, 30 படம் எடுக்கலாம். தேர்ட் பார்ட்டி லென்ஸ் போட்டால் 15தான். கிரிக்கெட் எடுப்பவருக்கு இது பெரிய விஷயம். கல்யாணம் எடுப்பவருக்கு 15 படமே கம்ப்யூட்டரை நிரப்பிவிடும்.

கேனன் 2018இல் ஆர் வரிசைக் கேமராக்களை ஆர்எஃப் மவுண்ட்டோடு கொண்டுவந்தது, அதன் விவரங்களைத் தன்னிடமே வைத்துக்கொண்டது. ஒட்டுக்கேட்டுக் கற்று ஆட்டோஃபோகஸ் லென்ஸ் விற்றுவந்த வில்ட்ராக்ஸ், 2022இல் அந்த விற்பனையை நிறுத்தியது. தன் காப்புரிமையையும் வடிவமைப்பு உரிமையையும் மீறுவதாக கேனன் சொன்னது. பிறகு 2024 ஏப்ரலில் சிக்மாவும் டாம்ரானும் உரிமத்தோடு ஆர்எஃப் லென்ஸ் அறிவித்தன. அப்போது அறிவித்தவை எல்லாம் ஏபிஎஸ்-சி என்ற சின்ன சென்சாருக்கான லென்ஸ்களே. பெரிய சென்சார் உள்ள ஃபுல் ஃபிரேம் கேமரா வைத்திருந்தவர்களுக்கு அதில் பலன் இல்லை.

நிக்கான் நடுவில் நிற்கிறது. அதன் இசட் மவுண்ட்டும் 2018இல் வந்ததுதான். டாம்ரான் 2022இலும் சிக்மா 2023இலும் உரிமத்தோடு அதற்கு லென்ஸ் கொண்டுவந்தன.

கேனன் ஆர் வரிசைக்காரருக்கு வழியே இல்லையா? உண்டு. கடைக்காரர் கை காட்டிய அந்தப் பழைய அலமாரிதான். கேனனின் முந்தைய இஎஃப் மவுண்ட் 1987இல் வந்தது. அதற்காக சிக்மாவும் டாம்ரானும் செய்த அருமையான லென்ஸ்கள் செகண்ட் ஹேண்டில் கிடைக்கின்றன. கேனனே விற்கும் அடாப்டரை நடுவில் வைத்தால் அவற்றில் பெரும்பாலானவை நன்றாகவே வேலை செய்யும். சிக்மாவின் 18-35 எஃப்/1.8 மாதிரி ஒரு ஜூம் 2013இல் வந்தபோது அதற்கு முன்னுதாரணமே கிடையாது. எடை அதிகம், நீளம் அதிகம். ஆனால் காசுக்கு அது தரும் ஒளி அதைவிட அதிகம்.

படத்தில் குறை எப்படித் தெரியும்?

மலை மந்திரில் சுவாமிநாதனுக்கு விழா, கூட்டத்தில் ஒரு குடும்பத்தை வெளிப் பிராகாரத்தில் நிறுத்திப் படம் எடுக்கிறீர்கள். விலை குறைந்த எஃப்/1.4 லென்ஸ், முழுக்கத் திறந்து வைத்திருக்கிறீர்கள். வீட்டுக்கு வந்து பெரிதாக்கிப் பார்த்தால்:

அப்பாவின் வெள்ளை வேட்டி இருட்டைத் தொடும் ஓரத்தில் ஊதா நிறத்தில் ஒரு மெல்லிய கோடு ஓடும். வெவ்வேறு நிற ஒளி ஒரே புள்ளியில் குவியாததால் வருவது அது. பின்னால் தொங்கும் சீரியல் விளக்குகள் வட்ட வட்டமாக மங்கியிருக்கும். அந்த வட்டங்களுக்குள் வெங்காயத்தைக் குறுக்கே நறுக்கியது போல வளையங்கள் தெரியும். அச்சில் வார்த்த கண்ணாடியின் மேற்பரப்பில் இருந்த நுண்ணிய வரிகள் பதிந்ததன் அடையாளம். ஓரமாக நிற்கும் குழந்தையின் முகம் நடுவில் நிற்பவர்களைவிடக் கொஞ்சம் குழைந்திருக்கும்.

அப்பர்ச்சரை எஃப்/2.8க்கு மூடினால் ஊதாக் கோடு பெரும்பாலும் மறைந்துவிடும், குழந்தையின் முகமும் தேறிவிடும். வெங்காய வளையம் மட்டும் போகாது. ஆகவே ஒரு லென்ஸைத் தீர்மானிக்கும்போது, நீங்கள் உண்மையில் பயன்படுத்தப் போகும் அப்பர்ச்சரில் பாருங்கள். எஃப்/1.4 தேவையென்றே வாங்கி, எப்போதும் எஃப்/2.8இல் வைத்து எடுப்பவர் எஃப்/1.8 வாங்கியிருந்தாலே போதுமே.

தில்லிக்கென்று இன்னொன்று உண்டு. மே மாதத்துப் புழுதிக் காற்றுக்கு, மவுண்ட் ஓரத்தில் ரப்பர் வளையம் இல்லாத லென்ஸ் தாக்குப் பிடிக்காது. விலை குறைந்தவற்றில் பலவற்றில் அந்த வளையம் இருப்பதில்லை.

யாருக்கு லாபம்?

குடும்பம், பயணம், தெரு என்று ஆசைக்குப் படம் எடுப்பவர் தயங்காமல் வாங்கலாம். ஏபிஎஸ்-சி பாடியும் ஒரு விலை குறைந்த ஆட்டோஃபோகஸ் பிரைமும் இருந்தால் அவருக்கு வேண்டியது முக்கால்வாசி வந்துவிடும்.

ஒரு விதிவிலக்கு 50 மி.மீ. எஃப்/1.8. கேனன், நிக்கான், சோனி மூன்றுமே இதைத் தங்கள் பெயரிலேயே விற்கின்றன. கேனனின் இந்த லென்ஸ் வெறும் ஆறு கண்ணாடிகள் கொண்ட பழகிய வடிவம், அதனால் அதன் சொந்த லென்ஸே குறைந்த விலைதான். அங்கே சில ஆயிரத்தை மிச்சப்படுத்த வேறு பெயரைத் தேடுவது எனக்குச் சரியாகப் படவில்லை.

காசு வாங்கிக்கொண்டு கல்யாணம் எடுப்பவருக்குக் கணக்கு வேறு. தாலி கட்டும் அந்தச் சில நொடியில் ஃபோகஸ் தடுமாறினால் மறுபடி கட்டச் சொல்ல முடியாது. அவர் உரிமம் பெற்ற சிக்மா, டாம்ரான் வரை தாராளமாக இறங்கலாம், இந்தியாவில் வாரன்டியும் உண்டு. அதற்குக் கீழே இருப்பவற்றை இரண்டாவது பாடியில் வைத்துக்கொள்ளட்டும், முதல் பாடியில் வேண்டாம்.

கற்றுக்கொள்ளும் ஆசை உள்ள மாணவருக்கு, மோட்டார் இல்லாத கை ஃபோகஸ் லென்ஸ் அற்புதமான வாத்தியார். ஒன்றை மட்டும் முன்பே தெரிந்துகொள்ள வேண்டும். சிப் இல்லாத லென்ஸைப் பூட்டினால் கேமரா லென்ஸே இல்லை என்று நினைத்துக்கொண்டு ஷட்டரைத் திறக்க மறுக்கும். மெனுவில் 'லென்ஸ் இல்லாமலும் ஷட்டர் இயங்கு' என்ற அமைப்பைப் போட வேண்டும். பாடிக்குள் அதிர்வு தாங்கும் வசதி இருந்தால் லென்ஸின் குவியத் தூரத்தையும் கையால் பதிய வேண்டும். இது தெரியாமல் லென்ஸ் பழுது என்று கடைக்குத் திருப்பிக் கொண்டுபோகிறவர்கள் உண்டு.

கவுன்டரை விட்டு நகரும் முன்

1. உங்கள் பாடியையே கொண்டு போங்கள். அதன் ஃபர்ம்வேர் எண்ணைக் குறித்துக்கொண்டு, லென்ஸ் கம்பெனியின் தளத்தில் அந்தப் பாடியின் பெயர் பட்டியலில் இருக்கிறதா என்று முன்கூட்டியே பாருங்கள்.

2. எதிர்ச் சுவரில் தட்டையான ஏதாவது ஒன்றை, டைல்ஸோ செய்தித்தாளோ, நேராக வைத்து முழு அப்பர்ச்சரில் எடுங்கள். நான்கு மூலைகளையும் பெரிதாக்கிப் பாருங்கள். நான்கும் ஒரே அளவுக்கு மங்கினால் அது அந்த மாடலின் இயல்பு. ஒரு மூலை மட்டும் அதிகமாக மங்கினால் அந்த லென்ஸ் கோணல், வேறு டப்பா கேளுங்கள்.

3. கடையின் விளக்கைப் படத்தின் ஓரத்தில் வைத்து ஒன்று எடுங்கள். படம் முழுக்க வெளிறுகிறதா என்று தெரிந்துவிடும்.

4. சந்தில் நடந்து வருபவர் முகத்தில் கண் ஃபோகஸ் வைத்துப் பத்துப் படம் எடுங்கள். பத்தில் எத்தனை தேறுகிறது என்று அங்கேயே எண்ணுங்கள்.

5. பக்கா பில்லா, கச்சா பில்லா என்று கேட்பார்கள். கச்சா என்றால் ஜிஎஸ்டி இல்லாத துண்டுச் சீட்டு, விலை குறையும், வாரன்டியும் போய்விடும். கண்ணாடி பத்து வருஷம் தாங்கும். முதலில் கெடுவது மோட்டாரும் சிப்பும்தான், அவற்றுக்குத்தான் வாரன்டி வேண்டும். பக்கா பில் வாங்கி, லென்ஸில் பொறித்திருக்கும் சீரியல் எண்ணும் பில்லில் எழுதிய எண்ணும் ஒன்றுதானா என்று கடைக்குள்ளேயே நின்று ஒப்பிட்டுக்கொள்ளுங்கள்.